எழுபத்தோராவது நிமிடம்

பல்லுக்குத் தொப்பி மாட்டுவோமே, அதுபோலத்தான்
என்றார் கெண்ட் நகரத்து மருத்துவர்.
தொடையெலும்பின் தலையை அறுத்து எறியப்போவதில்லை;
தேய்ந்த மேற்பரப்பைச் சீவிவிட்டு
உலோகத்தில் ஒரு மூடி, அவ்வளவே.
அறுவைக்குப் பின் எக்ஸ்ரேயைக் காட்டினார்.
என் இடுப்புக்குள்
தண்டோடு முளைத்திருந்தது
ஒரு வெள்ளைக் காளான்.

நாற்பத்தொன்பது வயதில்
காலுறை போட்டுவிட ஆள் வேண்டியிருந்தது எனக்கு.
கொடலீவ முழந்தாளிட்டு மாட்டிவிடுவாள்,
வானொலியில் வானிலை சொல்லி முடிப்பதற்குள்.
மோதிரம் போட்ட அன்றுகூட
அவள் கைகளை இவ்வளவு கவனமாய்ப் பார்த்ததில்லை நான்.
குனியாதே. காலின்மேல் கால் போடாதே.
தாழ்ந்த நாற்காலி கூடாது.
கழிப்பறைக்குக்கூட ஓர் அரியணை வாங்கினோம்.
கைதவறிய பேனா
மூன்று நாள் கிடந்தது மேசைக்கடியில்,
நானும் அதுவும் பார்த்துக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கொடுமை.
இருபத்திரண்டு வருடமாய் மதியம் மூன்று மணிக்கு
ஏதோ ஓர் ஊரின் சேற்றில் நின்று
ஏச்சு வாங்கிப் பழகிய உடம்பு இது.
என் பார்வை, என் பிறப்பு, என் அம்மா,
சீட்டி கவ்வும் என் உதடு,
எதையும் விட்டுவைத்ததில்லை
ஸ்கெல்ட் ஆற்றின் இரு கரையும்.
எல்லாவற்றுக்கும் என் சட்டைப்பையில் பதில் இருந்தது,
மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று.

போன பருவத்தின் கடைசி ஆட்டத்தில்
பந்துக்கு முப்பதடி பின்னால் இழுத்து இழுத்து வந்தேன்.
வேலிக்கப்பாலிருந்து ஒரு குரல்,
கோபமே இல்லாமல்:
"நொண்டி, ஒரு டாக்சி பிடித்து வா."
பையைத் தொட்ட கை அப்படியே நின்றது.
உண்மைக்கு எந்த அட்டையைக் காட்டுவது?

அதன்பிறகு
இரண்டு ஊன்றுகோல், பிறகு ஒன்று, பிறகு
குடை என்று பொய் சொல்லிக்கொண்ட ஒன்று.
நீச்சல்குளத்தில் கிழவிகளோடு முன்னும் பின்னும் நடந்தேன்.
கரையோரப் பாப்ளர் மரங்களை எண்ணினேன்,
எட்டாவதில் திரும்பியவன்
ஒரு மாதத்தில் ஐம்பதைத் தாண்டினேன்.
ஓடுவதற்கு மட்டும் அனுமதி வரவில்லை.
ஒற்றைக்காலில் நின்றேன் அதற்காக,
பயிற்சியாளர் ரோசலீனின் கட்டளைப்படி
நிஜமாகவே,
நாளுக்கு மூன்று முறை, முப்பது விநாடி.

பதினோரு மாதம் கழித்துச் சீட்டி.

ஆனால் இது என்ன ஆட்டம்?
இரண்டு தலைவர்களும் என் கையைக்
கண்ணாடிப் பாத்திரம்போல் குலுக்கினார்கள்.
சிற்றுண்டிக்காரி சூப்புக்குக் காசு வாங்கவில்லை.
ஆஃப்சைடு கொடுத்தால் தலையாட்டினார்கள்.
நான் ஓடினால் கைதட்டினார்கள்.
"மெதுவா, லீவன், மெதுவா."
எதிராளியை இடித்துத் தள்ளிய பையன்
என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.
மருத்துவமனையிலிருந்து இன்னும் வெளியே வரவில்லையோ நான்?

இடுப்போ வாயே திறக்கவில்லை.
நல்ல நடுவரும் நல்ல மூட்டும் ஒரு சாதி,
இருப்பது தெரியக் கூடாது.

எழுபத்தோராவது நிமிடம்.
உள்ளூர்க்காரர்களின் கார்னர் வெளியே தெறித்தது,
விருந்தாளி அணியின் சிவப்புத்தலையன் பந்தோடு பறந்தான்.
நானும் பறந்தேன்.
பாதி மைதானம், மழைச் சேறு, மூச்சு,
எந்தக் கால் எது என்ற நினைப்பே இல்லை.
பெட்டிக்குள் ஒரு கை அவன் சட்டையைப் பற்றி இழுத்தபோது
ஆறடி தூரத்தில் நின்றிருந்தேன்.
ஊதினேன்.
பெனால்டி.

ஒரு கணம் மழைச்சத்தம் மட்டும்.
பிறகு கசாப்புக்கடை ஓடிலோன்
வேலியில் ஏறி நின்று கத்தினான்:
"குருட்டுக் கபோதி!"
அது திறந்துவிட்ட மதகுபோல
என் பார்வை, என் பிறப்பு, அம்மா, உதடு,
ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன.
கவனமாகக் காதுகொடுத்தேன்.
காலைப் பற்றி ஒருவரும்
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டு
கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுபோல் நடித்தேன்.

வீட்டில் கொடலீவ கேட்டாள்,
எப்படிப் போயிற்று?
வாயில் வந்தபடி திட்டினார்கள் என்றேன்.
அவள் கண் மெல்லக் கீழே இறங்கியது,
முழங்கால்வரை சேறேறிய காலுறைகளுக்கு.
"நீயே கழற்று" என்றாள்.